சுமை இறங்கிய பிறகுதான் சந்தை வருகிறது

நெல்லைச் சீமையில் ‘கிறிஸ்தவக் கம்பர்’ கிருஷ்ணபிள்ளை என்றால் தலையாட்டாதவர் இல்லை. அவருடைய ‘இரட்சணிய யாத்திரிக’த்தில் ஒரு படலத்தை முழுதாக வாசித்தவரைத்தான் தேட வேண்டியிருக்கிறது. பட்டத்தைக் கொடுத்துப் புத்தகத்தைப் பரணில் ஏற்றிவிட்டோம். சிற்றின்ப வாழ்வை விட்டுத் திரும்புவது என்றால் என்ன என்று கேட்டு வருகிறவர் கையில், இந்தக் காப்பியத்தை விட்டுவிட்டு, ‘குடிக்காதே, சினிமா பார்க்காதே’ என்று அச்சடித்த துண்டுப் பிரசுரத்தைத் திணிக்கிறோம். எனக்கு இதில் தீராத ஆதங்கம்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணபிள்ளை 1827இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் வீட்டில் பிறந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தார், 1858இல் ஞானஸ்நானம் பெற்றார். ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட ‘மோட்சப் பிரயாண’க் கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக, மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் அவர் செய்த காப்பியம் 1894இல் நூலாக வந்தது. வாசிக்கும் முறை எளிது. விருத்தத்தைக் கண்ணால் படிக்கக் கூடாது, வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஓசை பிடிபட்டால் பாதிப் பொருள் தானே வரும், மீதிக்கு அகராதி இருக்கிறது. முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டியதில்லை. இடையிடையே ‘தேவாரம்’ என்ற பெயரில் வரும் இசைப் பாடல்களில் தொடங்குங்கள், பிறகு குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகள், அதன் பிறகு, உலக ஆசைகளை விற்கும் சந்தை ஊரான மாயாபுரி. முறை பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது வேறொன்று.

கதைநாயகனான பயணியின் முதுகில் இருக்கும் பாவச் சுமை எங்கே இறங்குகிறது, மாயாபுரிச் சந்தை எங்கே வருகிறது? இந்த இரண்டு இடங்களையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் காப்பியத்தின் உயிரைத் தொடவில்லை என்றே சொல்வேன். சுமை சிலுவையடியில் விழுகிறது. அவன் எதையும் விட்டுக்காட்டிய பிறகு விழவில்லை, இன்பங்களின் கணக்கை ஒப்படைத்த பிறகும் விழவில்லை. நிமிர்ந்து பார்த்தான், விழுந்தது. சந்தையோ அதற்கு வெகுதூரம் தள்ளி வருகிறது, மலையேறி, பள்ளத்தாக்கில் போரிட்டு, மரண இருளைக் கடந்த பிறகு. அதாவது இன்பத்தைத் துறப்பது மன்னிப்புக்குக் கட்டும் விலை அல்ல, மன்னிப்புப் பெற்றவன் நடக்கிற நடை. லூக்கா சொல்லும் கெட்ட குமாரன் கதையும் இதே வரிசையில்தான் போகிறது. அவன் பன்றித் தொழுவத்து நாற்றத்தோடுதான் வருகிறான். தகப்பன் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். நல்ல வஸ்திரமும் மோதிரமும் பாதரட்சையும் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நற்செய்தி வெறும் ஒழுக்கப் பட்டியலாகிவிடும். லெந்து நாற்பது நாளும் கறி விட்டு, ஈஸ்டர் மத்தியானம் வட்டியோடு சேர்த்துத் தின்கிற பக்தி ஏன் ஆளை மாற்றுவதில்லை என்பதற்கும் காரணம் இதுவே. அங்கே நாக்குக்கு விடுமுறை கிடைக்கிறது, மனம் திரும்புவதில்லை.

சந்தையில் என்ன விற்கிறார்கள் என்றும் நின்று பாருங்கள். பனியனின் பட்டியலில் சிற்றின்பம் உண்டு. ஆனால் வீடு, நிலம், பதவி, பட்டம், நாடு, மனைவி, மக்கள், பொன், வெள்ளி எல்லாம் அதே கடைவீதியில் அதற்குப் பக்கத்திலேயே குவிந்து கிடக்கின்றன. கிருஷ்ணபிள்ளைக்கு இது ஏட்டுச் செய்தி அல்ல. அவர் கம்பராமாயணம் ஓதும் தகப்பனாரிடம் வளர்ந்தவர். 1858இல் கிறிஸ்தவரான ஒரு வேளாளர் கைவிட வேண்டியிருந்தது கள்ளுமொந்தையை அல்ல, ஊரார் தந்த மதிப்பை. இன்று கார், வீடு, விசா என்று ‘ஆசீர்வாத’ப் பட்டியல் வாசிக்கும் மேடைகள் மாயாபுரியைக் கடக்கவில்லை, அங்கேயே கடை போட்டிருக்கின்றன.

இன்பத்தை விடச் சொல்லும் நூலுக்குக் கம்பனின் இத்தனை அலங்காரம் எதற்கு, இது முரண் அல்லவா என்று விமர்சகர்கள் கேட்பதுண்டு. அது மேலோட்டமான கேள்வி. கெட்ட குமாரன் திரும்பிய வீட்டில் கொழுத்த கன்று அடித்தார்கள், ஆடல் பாடல் இருந்தது. அவன் விட்டு வந்தது இன்பத்தை அல்ல, தகப்பன் இல்லாத இன்பத்தை. அந்த வீட்டின் விருந்தைப் பாட வறண்ட தமிழ் போதாது. ‘தழுவல்தானே’ என்று தள்ளுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வால்மீகியைத் தழுவியதால் கம்பனை யாரும் தள்ளவில்லை.

கடைசியாக, இந்தக் கதையில் நான் மிகவும் நேசிக்கும் இடத்தை உங்கள் காதோடு சொல்கிறேன். பலரும் தாண்டிப் போகிற இடம் அது. சந்தைக்குள் பயணியும் அவன் துணைவனுமாக இருவர் போகிறார்கள். துணைவனை அந்த ஊரார் தீயிட்டுக் கொல்கிறார்கள். தப்பிய பயணி தனியாகப் போகவில்லை. அந்தச் சந்தை ஊர்க்காரன் ஒருவனே கூட வருகிறான், பனியன் அவனுக்கு வைத்த பெயர் நம்பிக்கை. குடி, கும்மாளம், பொய், பணம் எல்லாவற்றிலும் ஊறியிருந்தவன் என்று பிறகு வழியில் அவனே சொல்கிறான். கூண்டில் கிடந்து அடிவாங்கிய அந்த இருவரின் பேச்சையும் நடத்தையையும் அவன் கூட்டத்தில் நின்று பார்த்திருந்தான்.