முனைவர் பட்ட ஆய்வும் 'வீரன் பயணம்' என்னும் தொன்ம வடிவமும்

முனைவர் பட்ட ஆய்வை வீரன் ஒருவனின் தொன்மப் பயணமாகக் காணும் நோக்கு ஆய்வு வழிகாட்டி எழுத்துகளில் இன்று பரவலாகியுள்ளது. இதற்கு அடிப்படை ஜோசப் காம்ப்பெல் 1949இல் வெளியிட்ட 'ஆயிரம் முகங்கொண்ட வீரன்' என்னும் ஆங்கில நூலாகும். புறப்பாடு, தீட்சை, திரும்புதல் என அந்நூல் தொன்மக் கதைகளுக்கு வகுத்த மூன்று நிலைகளில் ஆய்வுப் பதிவு, ஆய்வுக் காலம், பட்டப்பேறு ஆகியன முறையே பொருத்தப்படுகின்றன. நெறியாளர் துணைசெய்யும் முதியவராகிறார். வாய்மொழித் தேர்வு இறுதிச் சோதனையாகிறது.

பொருத்தம் இத்துணை எளிதாக அமைவதே ஐயத்திற்கு இடந்தருகிறது. காம்ப்பெல் காட்டும் வீரன் பெற்ற பேறு அவன் நீங்கிவந்த சமூகத்திற்குரியது. அதைக் கொண்டு சேர்ப்பதே மூன்றாம் நிலை. ஆய்வாளரின் அகமாற்றத்தையே பேறாகக் கொள்வோர் பட்டமளிப்போடு கதையை முடித்துவிடுகின்றனர். ஆய்வேடு யாரைச் சென்றடைந்தது என்னும் வினா அங்கு எழுவதில்லை. ஆய்வை இடையில் நிறுத்தியவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவர் அழைப்பை மறுத்தவராகவோ தோற்றவராகவோ எண்ணப்படுவார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1927இல் முதுகலைப் பட்டம் பெற்ற காம்ப்பெல், ஐரோப்பாவிலிருந்து 1929இல் திரும்பியபின், சமஸ்கிருதத்தையும் நவீனக் கலையையும் சேர்த்துப் பயிலத் துறையினர் இசையாமையால் முனைவர் பட்ட ஆய்வைக் கைவிட்டவர். அவர் வடிவத்தைக் கையாள்வோர் இதனை நினைப்பதில்லை போலும்.

தமிழாக்கத்தில் இச்சிக்கல் மேலும் புலனாகிறது. 'வீரன்' என்றால் போர்க்களம் முன்னிற்கும். 'தலைவன்' அகத்திணை மரபை உடன் கொணரும். 'நாயகன்' திரைப்படத்தை நினைவூட்டும். மூன்றாம் நிலையை 'மீட்சி' எனப் பெயர்ப்பது அழகாயினும் தகாது. திரும்பி வருதலோடு விடுபடுதலையும் அச்சொல் உணர்த்துவதால், சமூகத்தை நோக்கிய திரும்புதல் தனிமனித விடுதலையாகத் திரிந்துவிடும். 'திரும்புதல்' என்னும் எளிய சொல்லே இங்குப் பொருந்தும்.

பட்டத்தைச் சூழ்ந்த வழக்குச் சொற்கள் வேறொரு திசையைக் காட்டுகின்றன. 'டாக்டர்' என்பது கற்பித்தலைக் குறிக்கும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. ஜெர்மன் மொழியில் நெறியாளர் 'டோக்டர்ஃபாட்டர்', அதாவது முனைவர்த் தந்தை, எனப்படுகிறார். நெதர்லாந்தில் தேர்வரங்கில் ஆய்வாளருடன் நிற்கும் இருவர்க்கு வழங்கும் பெயர், மணத்தோழரைக் குறித்த கிரேக்கச் சொல்வழி வந்தது. தமிழின் 'முனைவர்', தொல்காப்பிய மரபியல் கூறும் 'முனைவன்' என்பதை நினைவுறுத்துகிறது. அங்கு வினை நீங்கிய நிலையும் விளங்கிய அறிவும் கூறப்படுகின்றன. எனினும் அவை நூலுக்கு முற்பட்ட தகுதிகளே. அந்நூற்பா விளக்க எடுத்துக்கொண்ட பொருள் முனைவன் அல்லன், அவன் கண்ட முதல்நூல்.