நிற்கும் அழகு: கார்பன் செராமிக் பிரேக்கை ரசிப்பது எப்படி?

ரேஸ் ட்ராக்கில் கூட்டம் சேருவது கார்கள் சீறிப் பாயும் நேர்ப்பாதையில்தான். நீங்கள் அந்த நேர்ப்பாதை முடியும் இடத்துக்கு வாருங்கள். 250 கி.மீ. வேகத்தில் வரும் கார், அடுத்த வளைவுக்காக நான்கு விநாடிக்குள் 100-க்கு இறங்குவது அங்கேதான். என்ஜின் செய்யும் வேலை ஊருக்கே கேட்கும். பிரேக் செய்யும் வேலையைப் பார்க்கப் பழகிய கண் வேண்டும். அதைப் பழக்கிக்கொள்ள நல்ல பாடம் கார்பன் செராமிக் டிஸ்க். வேகக் கார்களில் பெரும் பணம் கொடுத்து மாட்டிக்கொள்ளும் பாகம் இது. இதைப் போலத் தவறாகப் பாராட்டப்படும் பாகமும் வேறில்லை.

முதலில் சூட்டைக் கணக்குப் போடுங்கள்

1,500 கிலோ எடையுள்ள கார் 250-லிருந்து 100-க்கு இறங்கும்போது சுமார் 30 லட்சம் ஜூல் ஆற்றலை இழக்கிறது. பத்து லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றின் எதிர்ப்பு ஒரு பங்கை வாங்கிக்கொண்டாலும், மிச்சத்தில் பெரும்பகுதி நான்கு டிஸ்க்குகளில்தான் சூடாக இறங்குகிறது. ஒரே லேப்பில் இது பல தடவை நடக்கும்.

வார்ப்பிரும்பு டிஸ்க்கும் இந்தச் சூட்டைத் தாங்கும். ஆனால் அதற்குக் கனமாக இருக்க வேண்டும். சூடு எல்லை மீறினால் பேடின் பிடி தளரும். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி விட்டால் பெடல் மெத்தென்று உள்ளே போகும். கார்பன் செராமிக் டிஸ்க் இதே வேலையை ஏறத்தாழப் பாதி எடையில், சூட்டில் வளையாமல் செய்கிறது. அதன் பெருமை இவ்வளவுதான். இந்த ‘இவ்வளவு’ எத்தனை பெரியது என்று உணர்வதே ரசனை.

எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

துண்டு துண்டாக நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்துகிறார்கள். ஆக்சிஜன் இல்லாத உலையில் சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் சுடும்போது பிசினும் கார்பனாகிவிடும். உடம்பெங்கும் நுண்ணிய துளைகள் உள்ள தட்டு மிஞ்சும். பிறகு 1,414 டிகிரிக்கு மேல் உருகிய சிலிக்கானை அதற்குள் இழுக்கவிடுகிறார்கள். சிலிக்கான் துளைகளில் ஊறி, கார்பனோடு சேர்ந்து சிலிக்கான் கார்பைடு ஆகிறது. வைரம் போன்ற ஒருசில பொருள்களே அதைவிடக் கடினமானவை. அந்தக் கடினத்துக்குள் புதைந்திருக்கும் இழைகள்தான் தட்டு பீங்கானைப் போலப் பொட்டென்று உடைந்துவிடாமல் காக்கின்றன.

போர்ஷே இதை 2001-இல் 911 ஜிடி2 காரில் கொண்டுவந்தது. 2002-இல் ஃபெராரி என்ஸோவும் இதே வகை பிரேக்குடன் வந்தது. 2009-இல் இத்தாலியின் பிரெம்போவும் ஜெர்மனியின் எஸ்ஜிஎல்லும் கூட்டுச் சேர்ந்து, ஸ்டெஸ்ஸானோவிலும் மைட்டிங்கனிலும் இந்த டிஸ்க்குகளைத் தயாரிக்கத் தொடங்கின.

கண்ணால் அடையாளம் காணுங்கள்

ட்ராக்கில் மூன்று வகை டிஸ்க் உண்டு. எஃப்1 கார்களில் இருப்பது முழுக்க கார்பன். கான்கார்ட் விமானத்தின் சக்கரங்களிலும் அதே வகைதான் இருந்தது. சூடேறாவிட்டால் அதற்குப் பிடியே கிடையாது என்பதால் சாலைக் காருக்கு உதவாது. இரண்டாவது இரும்பு. மூன்றாவது நம் செராமிக். ஆறிக் கிடக்கும்போதும் பிடிக்கும், கொதிக்கும்போதும் பிடிக்கும்.

ரேஸ் கார் என்றாலே செராமிக் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமார் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தபோது நாம் கொண்டாடிய போர்ஷே 911 ஜிடி3 கப் காரில் இருந்தது இரும்பு வகை டிஸ்க்தான். செலவைக் கட்டுக்குள் வைக்கவும், எல்லா அணிகளும் சமமாக மோதவும் இத்தகைய பந்தயங்களில் அதுவே வழக்கம். அதே குடும்பத்தின் சாலைக் காரான 911 ஜிடி3-யில் செராமிக் கேட்டு வாங்கலாம்.

நின்றிருக்கும் காரின் சக்கரக் கம்பிகளுக்கிடையே குனிந்து பாருங்கள். போர்ஷேயில் டிஸ்க்கைக் கவ்வும் கேலிப்பர் மஞ்சளாக இருந்தால் செராமிக். சிலர் கறுப்பு நிறம் கேட்டு வாங்குவதுண்டு. அப்போது டிஸ்க்கையே பாருங்கள். இரும்பு, வெள்ளியாகப் பளபளக்கும். வட்ட வட்டமாக மெல்லிய கீறல்கள் தெரியும். செராமிக் மங்கிய கரும்சாம்பல் நிறம். உற்றுப் பார்த்தால் இழைத்துண்டுகள் திட்டுத் திட்டாகக் கோலமிட்டிருக்கும், ஒரு தட்டைப் போல இன்னொன்று இராது. மழையில் ஒரு ராத்திரி நின்றால் இரும்பில் துரு படரும், இதில் படராது. சக்கரத்திலும் கரித்தூள் அதிகம் அப்பியிருக்காது.

எங்கே நின்று பார்ப்பது

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் 20.8 கி.மீ. நீளமுள்ள நார்ட்ஷ்லைஃபே, கட்டணம் செலுத்தும் எவரும் தம் காரை ஓட்டக்கூடிய ட்ராக். அடேனாவ் ஊரை ஒட்டிய பிரைட்ஷைடில் வேலியோரம் நிற்கலாம். மேட்டிலிருந்து இறங்கி வரும் கார்கள் அங்கே பிரேக் பிடித்தாக வேண்டும். செராமிக்கின் மஞ்சள் கேலிப்பரும் இரும்பின் சிவப்புக் கேலிப்பரும் அடுத்தடுத்து வரும்.

பிரேக் விளக்கு எரியும் இடத்தைச் சாலையோர அடையாளம் ஒன்றோடு பொருத்தி மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். காரின் மூக்கு ஒரே அழுத்தில் தாழ்கிறதா, தயங்கித் தயங்கித் தாழ்கிறதா என்று பாருங்கள். அதே கார் அடுத்த சுற்றில் வரும்போது விளக்கு அதே இடத்தில் எரிகிறதா? பிரேக்கை நம்பாதவர் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் முன்னதாகவே மிதிப்பார். நம்புகிறவரின் விளக்கு இடம் மாறாது. செராமிக்கின் அழகு இந்த மாறாமையில் இருக்கிறது. அதற்கு ஒரு சுற்று பார்த்தால் போதாது.

காதும் வேண்டும். ஆறிய டிஸ்க் மெதுவான வேகத்தில் ‘கரகர’ என்று உரசும், சில சமயம் கீச்சிடும். அது கோளாறு அல்ல. கடினமான பரப்பின் குரல்.

உள்ளே உட்காரக் கிடைத்தால்

கார் எவ்வளவு சீக்கிரம் நின்றது என்று அளக்காதீர்கள். நிற்கும் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடி. நல்ல இரும்பு பிரேக்கும் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடிக்கும். அதற்கு மேல் எந்த டிஸ்க்காலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘செராமிக் போட்டேன், சட்டென்று நிற்கிறது’ என்கிற பாராட்டு இடம் மாறி விழுந்த பாராட்டு.

கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, பெடல். முதல் லேப்பில் எந்த உயரத்தில் கடித்ததோ, ஆறாவது லேப்பிலும் அங்கேயே கடிக்க வேண்டும். மற்றொன்று, எடை. டிஸ்க்கின் கனத்தை ஸ்பிரிங் தாங்குவதில்லை, சக்கரமே சுமக்கிறது. அது குறைந்தால் மேடு பள்ளத்தில் சக்கரம் சீக்கிரம் தரையைப் பற்றும், ஸ்டீயரிங் லேசாகும். பிரேக்கைத் தொடாத நேரத்திலும் வேலை செய்கிற பிரேக் என்று இதைச் சொல்லலாம்.

மாற்றுவதற்கு முன்

இந்த டிஸ்க் தேய்வதைவிட எரிகிறது. கடும் சூட்டில் கார்பன் இழைகள் காற்றோடு சேர்ந்து மெல்ல மெல்ல எரிந்துபோகும். தடிமன் பெரிதாகக் குறையாமலே எடை குறையும். அதனால்தான் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடையைப் பொறித்திருக்கிறார்கள். தட்டைக் கழற்றித் தராசில் வைத்தால் ஆயுள் தெரியும். சக்கரத்தைக் கழற்றும்போது அது டிஸ்க்கின் விளிம்பில் இடித்தால் சில்லு பெயரும். தேர்ந்த மெக்கானிக் போல்ட் துளையில் வழிகாட்டிக் கம்பியைத் திருகி, அதன் மேலேயே சக்கரத்தை நேராக இழுத்து எடுப்பார். அந்தக் கைப்பக்குவமும் பார்க்க வேண்டியதுதான்.

செராமிக் பிரேக்கை 2022 போர்ஷே 911 ஜிடி3 காருடன் சேர்த்து வாங்கவே அமெரிக்காவில் ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் ஆனது. அதனால் அடிக்கடி ட்ராக்குக்குப் போகிறவர்கள் பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, இரும்பை மாட்டி ஓட்டுகிறார்கள். அவர்கள் கணக்கு சரியானதே. நீண்ட இழைகளால் ஆன புதிய வகை டிஸ்க்குகள் சூட்டை விரைவாகக் கடத்துவதால் அதிகம் உழைக்கின்றன. செராமிக்தான் வேண்டும் என்பவர் அவற்றையும் விசாரிக்கலாம்.

என் தீர்ப்பு இது: மாதந்தோறும் ட்ராக்கில் ஓட்டுகிறவருக்கு நல்ல இரும்பு டிஸ்க், நல்ல பேட், புதிய பிரேக் ஆயில், நல்ல டயர் போதும். எப்போதாவது ட்ராக், மற்றபடி மலைச்சாலை என்று ஓட்டுகிறவருக்கு, கையில் பணமும் இருந்தால், செராமிக் தரும் லேசுக்கு ஈடில்லை. வாங்கப்போவதில்லை என்றாலும் குறையில்லை. அடுத்த முறை ரேஸ் பார்க்கும்போது நேர்ப்பாதையை விட்டு வந்து, ஒரே காரின் பிரேக் விளக்கை ஆறு சுற்றுக்குத் தொடர்ந்து கவனியுங்கள்.