படகில் இருந்த இன்னொரு பையன்

ஒரே பாட்டில் பணக்காரன் ஆகும் ஹீரோவைக் கிண்டல் செய்து செய்து நாமே களைத்துவிட்டோம். 'சூர்யவம்சம்' (1997) படத்தில் ஒரு பாட்டு முடிவதற்குள் கணவன் பஸ் முதலாளி, மனைவி கலெக்டர். மீம் போட இதைவிட என்ன வேண்டும்? ஆனால் வேகத்தில் எனக்குப் புகார் இல்லை. பத்து வருஷத்தை சினிமா அப்படித்தான் சுருக்கும். 'படையப்பா'வில் (1999) நடப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. சொத்தெல்லாம் கைவிட்டுப் போன குடும்பத்திடம் மிஞ்சியிருப்பது ஒரு பாறை நிலம். பார்த்தால், அது கிரானைட்! உழைப்பு, வியர்வை, வளர்ச்சி எல்லாம் அதற்கப்புறம்தான். உழைப்பைக் கொண்டாடும் கதைக்கே உழைப்பின் மேல் முழு நம்பிக்கை இல்லை. நைஸாக ஒரு மலையைச் சேர்த்துக்கொள்கிறது.

இந்த வகைக் கதைக்கு அமெரிக்காவில் ஒரு தாத்தா உண்டு. 1868இல் புத்தகமாக வந்த ஹொரேஷியோ ஆல்ஜரின் 'ராகட் டிக்'. நியூயார்க் தெருக்களில் ஷூ பாலிஷ் போடும் 14 வயது டிக், குடிக்காமல், சூதாடாமல், எழுதப் படிக்கக் கற்று, வங்கியில் பணம் சேர்த்து முன்னேறுகிறான். உழைத்தால் யாரும் மேலே வரலாம் என்ற அமெரிக்கக் கனவுக்கு இன்றும் ஆல்ஜரின் பெயரைத்தான் அடையாளமாகச் சொல்கிறார்கள். (புத்தகத்தை உண்மையில் படித்தவர்கள் குறைவு என்றுதான் தோன்றுகிறது. கடைசிப் பக்கத்தில் டிக் கோடீஸ்வரன் இல்லை, ஒரு குமாஸ்தா.)

அந்த குமாஸ்தா வேலை எப்படிக் கிடைத்தது? படகில் போகும்போது ஒரு சின்னப் பையன் தண்ணீரில் விழுகிறான். டிக் குதித்துக் காப்பாற்றுகிறான். பையனின் அப்பா பெரிய வியாபாரி. வாரம் 10 டாலர் சம்பளத்தில் வேலை கொடுத்துவிடுகிறார். டிக்கின் பாறை இதுதான்.

ஆல்ஜர் தெரியாமலே இன்னொன்றும் செய்திருக்கிறார். டிக்குக்கு ஒரு அறைத்தோழன், ஹென்றி ஃபாஸ்டிக். டிக்குக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பவனே அவன்தான். அதே அறை, அதே நேர்மை, படிப்பு டிக்கைவிட அதிகம். அவனுக்குக் கிடைப்பது தொப்பிக் கடையில் வாரம் 3 டாலர். அதற்கும் தெரிந்த பெரியவர் ஒருவர் சிபாரிசு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் தொழிலில் இதை ஏ/பி டெஸ்ட் என்போம். மற்றதையெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி வைத்துவிட்டு ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. இங்கே மாறியது உழைப்பு இல்லை.

அதற்காக டிக்கின் உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்து நன்றாக இல்லாதவனை வியாபாரி குமாஸ்தாவாக வைத்திருக்க மாட்டார், கையில் பத்து டாலரைத் திணித்து அனுப்பியிருப்பார். உழைப்பு ஆளைத் தயார் செய்கிறது. ஆனால் தயாராக இருப்பவர்கள் எல்லோருக்கும் சந்தை வேலை வைத்திருப்பதில்லை. 2007இல் பொறியியல் முடித்தவர்களை ஐடி கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போயின. 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. 2009இல் முடித்தவர்களில் பலருக்குக் கையில் ஆஃபர் லெட்டர் இருந்தது, சேரும் தேதி மட்டும் வரவில்லை. இரண்டே வருஷத்தில் பசங்க சோம்பேறி ஆகிட்டாங்களா என்ன?

ஆல்ஜரின் நாட்டிலேயே கணக்கும் போட்டுப் பார்த்துவிட்டார்கள். பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வருமானத்தில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் பிறந்த குழந்தை முதல் ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு சார்லட் நகரில் 4.4 சதவீதம். சான் ஹோசேயில் 12.9. எங்கே வளர்கிறோம் என்பதோடு சேர்ந்து கிட்டத்தட்ட மூன்று மடங்கு மாறுகிறது.

இதையெல்லாம் இடதுசாரிப் புலம்பல் என்று ஒதுக்குபவர்கள் ஹயெக்கைப் படிக்கலாம். சுதந்திரச் சந்தைக்கு அவரைவிடப் பெரிய வக்கீல் கிடையாது. 'சட்டம், சட்டமியற்றல், சுதந்திரம்' என்ற நூலின் இரண்டாம் தொகுதியில் (1976) அவர் பூசி மெழுகுவதில்லை. சந்தை உழைப்புக்கோ தகுதிக்கோ பணம் கொடுப்பதில்லை, நாம் செய்ததற்கு மற்றவர்களிடம் என்ன மதிப்பு இருக்கிறதோ அதற்குத்தான் கொடுக்கிறது, அதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்கிறார். ஆல்ஜரின் பெயரையே சொல்லி, தகுதியானவர்களுக்குத்தான் பலன் போகிறது என்று சந்தைக்கு வாதாடியது துரதிருஷ்டம் என்கிறார்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இந்த உண்மையைச் சொன்னால் இளைஞர்கள் முயற்சி செய்வார்களா என்றும் கவலைப்படுகிறார். உழைத்தால் ஜெயிக்கலாம் என்ற நம்பிக்கை பாதி தவறாக இருந்தாலும், அது இல்லாமல் அமைப்பு ஓடுமா என்பது அவருக்கு உண்மையான தர்மசங்கடம்.

நேர்மையான கவலைதான். ஆனால் அது டிக்கைப் பற்றிய கவலை, அவன் படிப்பதை விட்டுவிடுவானோ என்று. அன்று அந்தப் படகில் ஃபாஸ்டிக்கும் இருந்தான். ராத்திரி அறைக்குத் திரும்பி தன் மூன்று டாலரை எண்ணும்போது, டிக் அளவுக்கு நாம் உழைக்கவில்லை போலிருக்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு என்று ஹயெக் கேட்கவில்லை.