பதினைந்துக்குப் பதினைந்து

நசரத்பேட்டையில் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கின்றன. அத்தகைய சந்திப்பில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்த ஓர் இளைஞர், அருகிலுள்ள மருத்துவமனைக்கு நடந்தே வருகிறார் எனக் கொள்வோம். "மயக்கம் வந்ததா?" என்று கேட்கிறார் பயிற்சி மருத்துவர். இல்லை. சி.டி. ஸ்கானில் இரத்தக்கசிவு இல்லை. கிளாஸ்கோ அளவையில் 15க்கு 15. "ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்."

இந்த "ஒன்றுமில்லை"தான் நம் குறை. 2019இல் தொடங்கிய எம்.பி.பி.எஸ். திறன்சார் பாடத்திட்டம் தலைக்காயத்தையும் கிளாஸ்கோ அளவையையும் கற்பிக்கச் சொல்கிறது, நல்லதே. ஆனால் 1974இல் டீஸ்டேலும் ஜென்னெட்டும் வகுத்த அவ்வளவை, நோயாளி எவ்வளவு விழிப்புடன் இருக்கிறார் என்பதையே காட்டும். கண்ணுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6. முழு மதிப்பெண் பெற்றவருக்கும் மூளை அதிர்ச்சி இருக்கலாம்.

காரணம் என்ன? குலுங்கிய மூளையில் நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களின் உள்ளும் புறமும் அயனிகள் இடம் மாறுகின்றன. அவற்றைச் சீராக்க மிகுந்த ஆற்றல் தேவைப்படுகிறது. இது செயற்கோளாறு. வழக்கமான ஸ்கான் இதைக் காட்டாது. பெரும்பாலோர் மயங்குவதுமில்லை.

2020 டிசம்பர் 4 அன்று கான்பராவில் ஹெல்மெட்டில் பந்து பட்டபின் ஜடேஜா தொடர்ந்து ஆடினார். பிறகே மருத்துவக் குழு மூளை அதிர்ச்சி என்றது. மாற்று வீரராகச் சாஹல் வந்தார். நின்று ஆடியவருக்கா அதிர்ச்சி என்று சர்ச்சை எழுந்தது! ரசிகர்கள் கேட்கலாம், மருத்துவ மாணவர் கேட்கலாகாது.

இரத்தக்கசிவைத் தேடக் கற்பிப்பது மிகவும் அவசியம். உயிர் அதில்தான் இருக்கிறது. ஆயினும் பாடம் அத்துடன் நின்றுவிடுகிறது. விழுவதற்கு முன் நடந்தது நினைவிருக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, பதில் தாமதமாக வருகிறதா, ஒற்றைக்காலில் நிற்க முடிகிறதா என்று சோதிக்க, சக மாணவரையே நோயாளியாக நடிக்கவைத்துப் பழக்கலாமே! இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் வார்த்தையும் பாடமே. தலைவலி கூடினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி வந்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ உடனே திரும்ப வேண்டும். ஓரிரு நாள் ஓய்வு போதும். இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்கவைப்பது பழைய முறை. பின்னர் சிறுசிறு நடை, படிப்பு, கடைசியில் விளையாட்டு. அன்றே வண்டி ஓட்டக்கூடாது. இதனை நோயாளியிடம் மட்டும் சொன்னால் மறந்துவிடுவார்; கூட வந்த அண்ணனிடமோ அம்மாவிடமோ எழுதிக் கொடுக்க வேண்டும், தமிழில்.