எட்டு, எட்டு, எட்டு

எங்க அப்பா சிவகாசிப் பக்கம் ஒரு பயர் ஆபீஸில் போர்மேனாக இருந்தவர். (பட்டாசு ஆலையை எங்க ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் நைட்ரேட்டுக்குத் தடை போட்டது. நவம்பரில் ஆலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. வேலையில்லாமல் வீட்டில் இருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் அப்பா கால்பந்து பார்க்க ஆரம்பித்தார். அவர் போதாத காலம், அது சென்னையின் எஃப்சியின் மிக மோசமான சீசன். நடப்புச் சாம்பியனான அணி 18 ஆட்டத்தில் இரண்டே வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். ஆஃப்சைடு அவருக்கு இன்றுவரை புரியாது. ஆனால் ஆபீஸ் நிர்வாகம் புரியும்.

2022 பிப்ரவரியில் கோவாவிடம் 5-0 என்று தோற்ற கையோடு பயிற்சியாளர் பாண்டோவிச்சை அனுப்பிவிட்டார்கள் என்று போனில் சொன்னேன். "இது எத்தனையாவது போர்மேன்ப்பா?" என்றார். விரல்விட்டு எண்ணினேன். கிரெகரி, காய்ல், லாஸ்லோ, பாண்டோவிச். இரண்டேகால் வருஷத்தில் நாலு பேர் கிளம்பியிருந்தார்கள்.

தோற்பதற்கென்றே பிறந்த கிளப் இல்லை இது. அபிஷேக் பச்சன், விடா டானி, தோனி என்று பெரிய முதலாளிகள். 2015 வெள்ளத்தில் சொந்த ஊரில் ஆட முடியாமல் அரையிறுதியைப் புனேவில் ஆடி, மடெராஸியின் பயிற்சியில் கோப்பை வாங்கிய அணி. 2018இல் பெங்களூருவை அதன் மண்ணிலேயே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை, கிரெகரியின் பயிற்சியில்.

இந்த அணியைக் கெடுத்தது தோல்வி இல்லை, 2019-20இன் அந்த அதிசயம்தான் என்பது என் வாதம். கடைசி இடத்துக்குப் போன பிறகும் கிரெகரியை வைத்துக்கொண்டார்கள். கோடையில் புது ஆட்களைப் பிடித்தார்கள். வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, ஷெம்ப்ரி, சாங்டே எல்லாரும் அப்போது வந்தவர்கள். அப்புறம் ஆறே ஆட்டத்தில் கிரெகரி போய்விட்டார். டிசம்பரில் ஓவன் காய்ல் வந்தார், அணி எழுந்தது. நான்காவது இடம், அரையிறுதியில் கோவா மீது மொத்தமாக 6-5. கொரோனாவால் ஆளில்லாத ஃபடோர்டா அரங்கில் நடந்த இறுதியில்தான் ஏடிகேயிடம் 3-1 தோல்வி.

இதிலிருந்து நிர்வாகம் கற்றுக்கொண்ட பாடம், ஆளை மாத்தினா சரியாயிடும் என்பது. காய்ல் வந்தபோது நல்ல ஆட்டக்காரர்கள் ஏற்கெனவே அங்கே இருந்தார்கள் என்பதை யாரும் குறித்துவைத்த மாதிரி தெரியவில்லை. சீசன் முடிந்ததும் காய்ல் ஜாம்ஷெட்பூர் போனார், பின்னாலேயே வால்ஸ்கிஸும் போனார். அந்த சீசனில் வால்ஸ்கிஸ் தனியாளாக அடித்த கோல்கள் 15. அடுத்த சீசனில் மொத்த அணியும் சேர்ந்து 20 ஆட்டத்தில் அடித்தது 17. பதினோரு டிரா. நடுவில் கிரிவெல்லாரோவும் காயத்தில் படுத்தது துரதிர்ஷ்டம், ஒத்துக்கொள்கிறேன்.

என் வேலையில் இது தினசரி நடக்கிற கூத்து. கோடு எழுதியவன் பேப்பர் போட்டுவிட்டுப் போவான். புதுசாக வருகிறவன் ஒரு வாரம் பார்த்துவிட்டு, "இதை முதல்லேர்ந்து எழுதணும்" என்பான். அப்பா சொன்னது வேறு: "நாங்க மாறினாலும் மருந்து அளவு எழுதின நோட்டு ஆபீஸ்லதான் இருக்கும்." சென்னையினில் அந்த நோட்டைப் பயிற்சியாளரே பையில் போட்டுக்கொண்டு போகிறார். லாஸ்லோ உகாண்டா தேசிய அணியைப் பயிற்றுவித்தவர். பாண்டோவிச் தாய்லாந்தில் புரிராமுக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். அடுத்து வந்த பிர்டாரிச் ஜெர்மன்காரர். பதினோரு அணிகள் இருந்த லீக்கில் மூன்று பேரின் கணக்கும் ஒன்றுதான்: 2020-21இல் எட்டு, 2021-22இல் எட்டு, 2022-23இல் எட்டு.

நடுவில் சாங்டேவை மும்பைக்கு விட்டார்கள். 2022-23இல் இந்தியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கு. அதே சீசனில் வளரும் வீரர் விருது வாங்கியவர் சிவசக்தி நாராயணன். ஊர், காரைக்குடி பக்கத்து கண்டனூர், எங்க மாவட்டத்திலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். ஆடியது பெங்களூருவுக்கு. எனக்கு அந்த எட்டாம் இடங்களைவிட இது அதிகம் வலிக்கிறது. கடைசியில் வந்தாலும் கீழ் லீக்குக்கு இறக்க மாட்டார்கள் என்ற நிம்மதி அப்போது இருந்தபோது பக்கத்து ஊர்ப் பையனைத் தேடிப் போக யாருக்கு அவசரம்?

2023இல் பழைய அதிசயத்தையே திரும்பக் கூப்பிட்டார்கள். காய்ல் முதல் வருஷம் ஆறாவது இடம் கொண்டுவந்தார், அடுத்த வருஷம் பதிமூன்றில் பதினொன்று. 2025இல் அவரும் போய், கிளிஃபோர்ட் மிராண்டா வந்தார். ஒடிஷாவுக்கு 2023 சூப்பர் கோப்பை வாங்கித் தந்த கோவாக்காரர். நல்ல தேர்வு என்றே நினைத்தேன். அவர் ஒரு லீக் ஆட்டம்கூட நடத்துவதற்குள், லீக்கின் ஒப்பந்தச் சிக்கலில் ஆகஸ்டில் வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை கிளப் நிறுத்திவைத்தது. அதற்குக் கிளப்பை மட்டும் குறை சொல்ல முடியாது.

மிராண்டா வந்ததை அப்பாவிடம் சொன்னேன். சம்பளச் செய்தியைச் சொல்லவில்லை. 2018 நவம்பர் அவருக்கு இன்னும் மறக்கவில்லை.