சொல்லில் விரியும் படம்

ஒரு படத்தைக் காண இயலாதவருக்கு அதனை எடுத்துரைப்பது எளிய பணிபோலத் தோன்றும். ஆனால் எதைச் சொல்வது, எதை விடுவது, எந்தச் சொல்லால் சுட்டுவது என்று எண்ணத் தொடங்கியதும், படத்தைவிட எடுத்துரைப்பவரின் மனமே அங்கு வெளிப்படக் காண்கிறோம். அமெரிக்கக் கலைஞர்களான போஜானா கோக்லியட், ஷானன் ஃபினெகன் ஆகிய இருவரும் இணைந்து உருவாக்கி, 2020ஆம் ஆண்டில் பயிற்சி நூலாகவும் வெளியிட்ட 'கவிதையாக மாற்றுரை' என்னும் கலைப்பணி, நம்மை இந்த எண்ணத்திற்கே இட்டுச் செல்கிறது.

இணையப் பக்கங்களிலுள்ள படங்களோடு இணைத்து எழுதப்படும் சிறு விளக்கமே மாற்றுரை. திரைவாசிப்பான் என்னும் மென்பொருள் அதனைக் குரலாகவோ பிரெயில் எழுத்தாகவோ பார்வையற்றோருக்கு வழங்குகிறது. 1999இல் வெளியான இணைய அணுகுதல் நெறிமுறைகள் இதனைத் தம் முதல் நெறியாகவே வைத்தன. எனினும் இன்றும் எத்தனையோ படங்களுக்கு மாற்றுரை இல்லை. இருப்பவற்றுள் பல, 'படம்' என்ற ஒரே சொல்லோடு நின்றுவிடுகின்றன. கடமைக்கு எழுதப்பட்ட வரி கடமையாகவே ஒலிக்கிறது.

இந்நிலையை மாற்ற விழையும் இருவருமே மாற்றுத்திறனாளிகள். கோக்லியட் குறைபார்வை உடையவர். ஃபினெகன், கலைக்கூடங்களில் நெடுநேரம் நிற்க நேரும் துன்பத்தை வாசகங்களாக எழுதிய இருக்கைகளைச் செய்து, அக்கூடங்களிலேயே இடம்பெறச் செய்தவர். எனவே இப்பணி பிறர்மேல் காட்டப்படும் இரக்கத்தில் பிறந்ததன்று, உரிமையில் பிறந்தது. மொழியில் கவனம், சொற்சிக்கனம், சோதனை செய்து பார்க்கும் துணிவு ஆகிய மூன்றையும் கவிதையிடமிருந்து கற்குமாறு அவர்கள் அழைக்கின்றனர். பயிலரங்குகளில் பலரும் கூடி மாற்றுரை எழுதிப் பகிர்ந்துகொள்கின்றனர். ஒரே படம் பலர் கையில் பலவாறு விரியும்போது, நடுநிலையான வருணனை என்று ஒன்று இல்லை என்பது விளங்கிவிடுகிறது.

மனிதரை வருணிப்பது பற்றி அவர்கள் எழுப்பும் வினாக்களே இப்பணியின் உயிர்நிலை. கறுப்பினத்தவரை மட்டும் நிறம் சொல்லிக் குறித்து, வெள்ளையரை வெறுமனே 'ஒருவர்' என்று எழுதினால், யாரை இயல்பானவராகக் கொண்டோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது அல்லவா?

தமிழில் எழுதுவோருக்கு இவ்வினா இன்னும் கூர்மையானது. நம் மொழியில் வினைமுற்றே மதிப்பை அளந்து கொடுத்துவிடுகிறது. மேடையில் அமைச்சர் 'நிற்கிறார்'. அவருக்குக் குடை பிடிப்பவரோ பெரும்பாலும் 'நிற்கிறான்'. படம் காட்டாத ஏற்றத்தாழ்வை நாம் எழுதும் விகுதி காட்டிவிடுகிறது. முகத்தைக் காணாதவர் அந்த விகுதியைத்தான் முகமாக அறிகிறார்.

எனினும், 'கவிதை' என்னும் சொல்லில் ஓர் இடர் உண்டு. எழுதுபவர் தம் புலமையைக் காட்ட முற்பட்டால், கேட்பவர் காத்திருக்க நேரும். பேருந்து நேர அட்டவணையின் படத்திற்கு உவமை தேவையில்லை, நேரம்தான் தேவை. சொற்சிக்கனம் என்னும் நெறி இந்த இடருக்கு ஓரளவு அணையிடுகிறது. ஆயினும் ஒரு மாற்றுரை நன்றா என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர் அதனைச் செவியால் பெறுபவரே. பார்வையுள்ளோர் மட்டும் கூடித் தமக்குள் வியந்துகொள்ளும் பயிற்சியாக இது சுருங்குமாயின், அதன் நோக்கம் தவறிப்போகும்.

2016 முதல் முகநூல் போன்ற தளங்களில் கணினியே படங்களை வருணிக்கத் தொடங்கியுள்ளது. இருவர், மரம், புன்னகை என்று அதனால் எண்ணிச் சொல்ல இயலும். அந்த இருவரும் எதற்காகப் புன்னகைத்தனர் என்பதைப் படம் அனுப்பியவரே அறிவார். நாள்தோறும் கைப்பேசி வழியே படங்களை அனுப்பும் நாம், அதனை ஒரு வரியில் எழுதி அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?