கொன்றவன் சொல்லிவிட்ட பிறகு

டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1930) சான் பிரான்சிஸ்கோவில் நடக்கும் கதை. கொன்றது யார் என்ற கேள்வியை ஏறக்குறைய முடிவுவரை இழுத்துப்போய், அங்கேதான் வாக்குமூலத்தைக் கறக்கிறது. அமெரிக்கக் குற்றப் புனைவில் இதற்கு எதிர்த்திசையில் ஓடும் கிளையொன்று உண்டு. கொலையாளியே ஒப்புக்கொண்டுவிடுவான், புரட்ட வேண்டிய பக்கங்களோ நிறைய மிச்சம் இருக்கும். 'யார்' கைவிட்டுப் போனபின் வாசகரை எதைக் கொண்டு கட்டிப்போடுவது?

ஜிம் தாம்சன் காலத்தைக் கொண்டு கட்டினார். மேற்கு டெக்ஸஸ் எண்ணெய் வயல்களில் உழைத்தவர் அவர். தந்தை ஓக்லஹோமாவில் ஷெரீஃபாக இருந்தவர். 'தி கில்லர் இன்சைட் மீ' (1952) நாவலில் கதை சொல்பவன் லூ ஃபோர்ட், டெக்ஸஸின் கற்பனை ஊரொன்றில் துணை ஷெரீஃப். தேய்ந்துபோன பொன்மொழிகளை அடுக்கியே எதிராளியைச் சித்திரவதை செய்பவன். (அவன் கொலைகளைவிட இந்தப் பேச்சுதான் எனக்கு அதிகம் திகிலூட்டியது.) ஏமி ஸ்டான்டனைக் கொன்றதை நாள், கிழமை, நேரத்தோடு முதலிலேயே அறிவிக்கிறான்: 1952 ஏப்ரல் 5, சனிக்கிழமை இரவு, ஒன்பதுக்குச் சற்று முன். ஆனால் சம்பவத்துக்கு வராமல் சுற்றிச் சுற்றிப் போகிறான். அவளோ அவனோடு ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளப் பெட்டி கட்டுகிறாள். அவள் சிரிப்பு ஒவ்வொன்றையும் நாம் கடிகாரத்தைப் பார்த்தபடியே படிக்கிறோம். ஒரு கட்டத்தில் 'சீக்கிரம் சொல்லித் தொலை' என்று மனம் அரிக்கிறது. அப்போது நாம் அவன் பக்கம் போய்விட்டோம். தாம்சன் விரித்த பொறி அதுதான். இதற்கும் மேலே, தான் அடித்துக் கொன்றுவிட்டதாக அவன் நம்பிய இன்னொருத்தி இறுதியில் உயிரோடு வந்து நிற்கிறாள்.

ஒப்புக்கொண்டவனையே நம்பலாமா என்ற இந்தச் சந்தேகத்தை ஜாய்ஸ் கரோல் ஓட்ஸ் நாவல் முழுவதற்கும் விரித்தார். 1978 முதல் நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டனில் பல்லாண்டு கற்பித்தவர். 'எக்ஸ்பென்சிவ் பீப்பிள்' (1968) அதற்கு முந்தியது. தான் கொலை செய்தவன் என்று கதைசொல்லி முதல் வாக்கியத்திலேயே அறிவித்துவிடுகிறான். தாயைச் சுட்டது தானே என்கிறான். மனநல மருத்துவரோ அதைப் பிரமை என்கிறார். சாமர்த்தியமான ஏற்பாடு, ஆனால் படிப்பவரின் நெஞ்சைவிட மூளைக்கே அதிக வேலை.

இந்த வரிசையில் பூமணியின் 'வெக்கை'யை (1982) வைத்துப் பார்த்தால், அவருக்கு இந்த உபாயங்கள் எதுவும் தேவைப்படவில்லை. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டுப் பதினைந்து வயதுச் சிதம்பரம் ஓடுவதிலிருந்து நாவல் தொடங்குகிறது. ஒளிவுமறைவே கிடையாது, ஏமாற்றும் கதைசொல்லியும் கிடையாது. அப்பாவும் மகனும் எங்கே படுப்பார்கள், எதைத் தின்பார்கள், அம்மா என்ன ஆனாள் என்பதே பதற்றம். தாம்சனின் வாசகன் நடக்கப்போகும் கொலைக்கு அஞ்சுகிறான். பூமணியின் வாசகன் கொன்ற பையனுக்காக அஞ்சுகிறான். வெற்றிமாறனின் 'அசுரன்' (2019) தந்தையின் பழைய கதையை விரித்துச் சேர்த்தது. படத்துக்கு அது பலம்தான். நாவலுக்கு அந்தச் சில நாள் ஓட்டமே போதுமானதாக இருந்தது. இருவரும் கோர்ட்டில் சரணடையப் போவதோடு அது நின்றுவிடுகிறது. ஓட்ஸுக்கும் தாம்சனுக்கும் முதல் சரக்காக இருந்த வாக்குமூலம் பூமணியிடம் எழுதப்படவே இல்லை.